பத்தொன்பதை இரவல் அனுப்பு

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த நெட்டைப் பையனைப் பார்த்ததும் குவாஜிமா வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே மேஜையில் வைத்தார்.

"இவர் நம்ம ஊரு வெலேரோ கால்பந்து அணியில ஆடுறவர். பேரு மினேகிஷி. காலையில பயிற்சி, மத்தியானத்துலேர்ந்து உங்க பிரிவுல வேலை" என்றாள் பணியாளர் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் ஹொரிக்கோஷி அம்மாள்.

பெயரைச் சொல்லித்தான் தெரியவேண்டுமா? பத்தொன்பதாம் நம்பர். கோல் அடிப்பதற்கென்றே விலை கொடுத்து வாங்கி, சீசன் தொடங்கியதிலிருந்து ஒரு கோல்கூட அடிக்காத பத்தொன்பதாம் நம்பர். முந்தின நாள் மாலைதான் குவாஜிமா ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில், "கோல் அடிக்க ஆள் கேட்டோம், ஒரு விளக்குக் கம்பத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள்; அதனால் தெருநாய்களுக்கு மட்டுமே பிரயோசனம்" என்று எழுதியிருந்தார். எழுதிவிட்டுத் தானே இரண்டு தடவை படித்துச் சிரித்தார். மனைவி சுமியேயைக் கூப்பிட்டுப் படித்தும் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

இப்போது அந்த விளக்குக் கம்பம் நெற்றி மேஜையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, தன்னை நன்றாகத் திட்டி வேலை வாங்கும்படி கேட்டுக்கொண்டிருந்தது. ஏற்கெனவே திட்டியாயிற்று என்று சொல்ல முடியுமா?

ஹமாசே சின்ன ஊர். கால்பந்து லீக்கின் மூன்றாம் பிரிவில் கடைசிப் படியில் தொங்கிக்கொண்டிருக்கும் வெலேரோவுக்கு ஆட்டக்காரர்களின் வயிற்றை முழுதாக நிரப்ப வக்கில்லை. ஆகவே விளம்பரம் கொடுக்கிற கம்பெனிகள் ஆளுக்கு ஒருவரை மத்தியான வேலைக்கு எடுத்துக்கொள்ளும். கோல்கீப்பர் பெட்ரோல் போடுவார். இடதுபக்கத் தடுப்பாளர் சூப்பர் மார்க்கெட்டில் வெங்காயம் அடுக்குவார். மீனை அரைத்து, பலகையில் பிடித்து, அவித்து விற்கிற இசோயா கமாபோகோ கம்பெனிக்குப் பத்தொன்பது வந்து வாய்த்தது. அதிலும் குவாஜிமா தலைவராக இருக்கிற சரக்கு அனுப்பும் பிரிவுக்கு.

குவாஜிமா வெலேரோவின் வெறியர் என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கம்பெனியின் பெயர் அணியின் சட்டைக் கையில் இருக்கிறது. அந்தச் சட்டையைப் போட்டவனை விளக்குக் கம்பம் என்று எழுதுகிற ஆள் இதே கம்பெனியில் சம்பளம் வாங்குவது தெரிந்தால் என்ன ஆகும்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவதாக ஒரு கதை கட்டியிருந்தார். தூண்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார். பைக்குள் இருப்பது பேனர் கட்டுகிற கழி. திரும்பும் வழியில் துறைமுகத்தில் இரண்டு மீனை வாங்கிக்கொண்டு வருவார். ஆட்டத்தில் தோற்ற வயிற்றெரிச்சலோடு அவர் கொண்டுவரும் மீனின் செதிலை உரசுவது சுமியேயின் பாடு.

மைதானத்தில் வடக்கு வாசல் பக்கம், கோலுக்குப் பின்னால், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு முரசு அடிக்கிறவர் அவர்தான். இணையப் பக்கத்தில் அவர் பெயர் 'வடக்கு வாசல் பருந்து'. ஞாயிறு மாலை பருந்து எழுதாமல் ஹமாசேயில் யாரும் தூங்கப் போவதில்லை என்பது குவாஜிமாவின் எண்ணம். யாரை வாங்கியிருக்க வேண்டும், யாரை விற்றது தப்பு, எந்தப் பயிற்சியாளருக்கு மூளைக்குப் பதில் புல்தரை இருக்கிறது, எல்லாம் பருந்துக்குத் தெரியும். தன் வாழ்நாளில் ஒரு பந்தையும் ஒழுங்காக உதைத்ததில்லை என்பதும் அதற்குத் தெரியும். அதை மட்டும் அது எழுதியதில்லை.

மினேகிஷிக்குக் கொடுத்த மேஜை குவாஜிமாவின் மேஜைக்கு நேர் எதிரே இருந்தது. முந்தின மாதம்தான் கம்பெனித் தலைவர் இசோயா திடீரென்று உத்தரவு போட்டு எல்லா மேஜைகளையும் நெருக்கித் தள்ள வைத்திருந்தார். இருவர் உட்கார்ந்தால் முழங்காலும் முழங்காலும் இடித்தன. இந்த மாதிரி யோசனையெல்லாம் தலைவருக்கு எங்கிருந்துதான் வருகிறதோ என்று குவாஜிமா அன்றும் ஒருமுறை நொந்துகொண்டார்.

"சார், நீங்க ஆட்டம் பாக்கிறதுண்டா?" என்று மினேகிஷி கேட்டான்.

"பந்து உருண்டையா இருக்கும்ங்கிற வரைக்கும் தெரியும் தம்பி. ஞாயித்துக்கிழமை நான் மீன் பிடிக்கப் போயிடுவேன்."

பையனின் முகத்திலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. "ரொம்ப நிம்மதி சார். இந்த ஊர்ல முடி வெட்டிக்கப் போனாக்கூட, கத்தியைக் கழுத்துல வெச்சுக்கிட்டு ஏன் கோல் அடிக்கலைன்னு கேக்குறாங்க."

அந்தக் கத்திக்காரர் உசாமி. வடக்கு வாசல் கூட்டத்தின் தலைவர். கேட்கச் சொல்லித் தூண்டிவிட்டதே குவாஜிமாதான்.

ஆட்டம் தெரியாத ஒரு மனிதர் கிடைத்த சந்தோஷத்தில் மினேகிஷி தினமும் தேநீர் வேளையில் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். கமாபோகோ பெட்டிகளை மேஜையில் நிறுத்தி, இது தடுப்பாளர், இது நான், இந்த மிளகாய்ப்பொடி டப்பாதான் பந்து என்று ஆஃப்சைடு விதியை விளக்கினான். நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னான். அதுதான் கொடுமை. பிறந்ததிலிருந்து அந்த விதியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிற குவாஜிமா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக 'ஓகோ, ஓகோ' போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் வாய் தவறிவிட்டது. கோல்கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது, "த்ரோவுக்கும் கார்னருக்கும்கூடக் கிடையாதே" என்றுவிட்டார்.

மினேகிஷி கையில் மிளகாய்ப்பொடி டப்பாவோடு அவரையே பார்த்தான்.

"மீன் பிடிக்கிறதுலயும் அப்படித்தான்" என்றார் குவாஜிமா. பையன் அதை நம்பினான் மட்டுமல்ல, சார் எதையும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லியும் வைத்தான்.

அதன் பலன் அந்த வாரக் கடைசியில் வந்தது. ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்கென்று கூரை போட்ட முதல்தரப் பார்வையாளர் வரிசையில் ஒதுக்கும் டிக்கெட் ஒன்றை மினேகிஷி இரண்டு கையாலும் நீட்டினான். அம்மா தெற்கே கியூஷூவில் இருக்கிறாள், அவ்வளவு தூரம் வரமுடியாது.

"எனக்குன்னு வந்து உக்கார ஆள் இல்ல சார். ஒரு ஞாயித்துக்கிழமை மீனை விட்டுட்டு வரமுடியுமா?"

குவாஜிமா மறுக்க ஒரு காரணம் தேடுவதற்குள் அந்தப் பக்கமாக வந்த தலைவர் இசோயா, தானும் போவதாகவும் பக்கத்திலேயே உட்காரலாம் என்றும் சொல்லிவிட்டார். சுமியேயின் பெரியம்மாவுக்குத் திதி என்று உசாமியிடம் சொல்லி அனுப்பினார் குவாஜிமா. பெரியம்மா திடகாத்திரமாக இருந்தாள். சுமியே ஒரு மாதம் அவளோடு தொலைபேசியில் பேசக் கூசினாள்.

உசாமிக்குக் கவலை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று குவாஜிமா எழுதிக்கொடுத்திருந்த புதுப் பேனரைப் பற்றித்தான். "நீங்க இல்லாம எப்படி அண்ணே? எழுதினவரே இல்லாட்டி?" என்று புலம்பினார். கடைசியில், நீங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் எழுத்தாவது இருக்கட்டும் என்று அவராகவே கட்டிவிட்டார்.

ஆக அந்த ஞாயிற்றுக்கிழமை குவாஜிமா கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, தலைவர் இசோயாவின் பக்கத்தில், மடியில் சோற்றுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே, வடக்கு வாசல் பக்கம், குளியலறையில் முதுகு ஒடியக் குனிந்து அவரே தூரிகையால் எழுதிய பேனர் காற்றில் விரிந்து நின்றது: 'பத்தொன்பதை இரவல் அனுப்பு.' அதாவது, இவனை வேறொரு அணிக்குக் கொஞ்ச காலம் கடன் கொடுத்துத் தொலையுங்கள். கண்ணாடி போடாதவர்களும் படிக்கும்படியான எழுத்து. எழுதிய அன்றைக்கு அந்த அளவைப் பற்றி அவ்வளவு பெருமைப்பட்டிருந்தார்.

பாதி ஆட்டத்தில் மினேகிஷிக்குப் பந்து கோலுக்கு முன்னால் பழமாக வந்து விழுந்தது. காலை நீட்டினால் போதும். அவன் காலை நீட்டியபோது பந்து போயே போய்விட்டது. மைதானமே தலையில் கை வைத்தது. குவாஜிமா தொண்டைவரை வந்த வசைகளை அப்படியே சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "இது நல்லதுங்களா, கெட்டதுங்களா தலைவரே?" என்று கேட்டார்.

தலைவர் எதிரே இருந்த பேனரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகான எழுத்து, குவாஜிமா. எங்கேயோ பாத்த கையாட்டம் இருக்கே."

குவாஜிமா வலது கையைச் சோற்றுப் பெட்டிக்கு அடியில் மறைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போகிற கமாபோகோ பெட்டிகளின் மேல் ஒட்டும் காகிதத்தில், யார் வீட்டுக்கு, எதற்காக என்று தூரிகையால் எழுதுவது அவர்தான். கம்பெனியில் அந்தக் கைக்கு அவ்வளவு மரியாதை. தலைவரின் மகள் கல்யாணத்துக்கும் அவர்தான் எழுதினார்.

மறுநாளே வலது மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். பெரிய மீன் ஒன்று இழுத்துவிட்டது என்றார். அன்றிலிருந்து எல்லாப் பெட்டியிலும் இடது கையால் எழுதினார். அந்த எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. யாராலும் வாசிக்க முடியவில்லை. வண்டி ஓட்டுகிறவர் பாவம், பெட்டியின் அளவைப் பார்த்துக் குத்துமதிப்பாகக் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தார்.

கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய பெட்டி கருமாதி வீட்டுக்குப் போனது அப்படித்தான்.

ஹமாசேயில் இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்க முடியாது. செந்நிறத்தில், வாலைத் தூக்கிக்கொண்டு, கொழுத்த மீன் வடிவத்தில் செய்த கமாபோகோ மங்கல காரியத்துக்கு மட்டும்தான். செத்துப்போனவரோ ஊரே மரியாதை வைத்திருந்த பழைய தலைமையாசிரியர். புத்த பிக்கு வந்து மந்திரம் சொல்லி முடித்ததும் பெட்டிகளைப் பிரிப்பார்கள். பிரித்தால், 'இவர் போனதில் எங்களுக்கு மகிழ்ச்சி' என்று இசோயா கம்பெனி சொன்னதாக ஆகிவிடும்.

விஷயம் தெரிந்தபோது வண்டி ஊரின் மறுகோடியில் இருந்தது. பாலத்தின் மேல் திருவிழா ஊர்வலம், கார் போகாது. குவாஜிமா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கருமாதிக்குரிய வெள்ளைக் கமாபோகோப் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு மினேகிஷி ஓடினான். ஊர்வலத்துக்குள் புகுந்து, பல்லக்குத் தூக்குகிறவர்களை இடமும் வலமும் ஏமாற்றி, பிக்கு கடைசி மணியை அடிக்கும் நேரத்தில் பின்வாசல் வழியாக நுழைந்து பெட்டிகளை மாற்றிவிட்டான். செம்மீன்களோடு அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது தொழிற்சாலைப் பெண்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

குவாஜிமாவும் தட்டினார். எந்த இடத்துக்கு எந்த நொடியில் வந்து சேரவேண்டுமோ அங்கே அப்போது வந்து சேர்ந்திருக்கிறான். இதைத்தானே ஐயா சீசன் முழுக்க உன்னிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், கருமாதி வீட்டில்தான் உனக்கு வருமா, என்று அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஆனால் பயம் போகவில்லை. பையன் எதிரே முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மட்டும் என்றாவது ஒருநாள் தன் வாய் தவறும். அவனைத் திட்டி அனுப்ப மனசு வரவில்லை. ஆகவே புகழ்ந்து அனுப்புவது என்று முடிவு செய்தார். தலைவரிடம் போய், விற்பனைப் பிரிவுக்கு மாற்றினால் இவன் எங்கேயோ போய்விடுவான் என்று ஆரம்பித்தார்.

"பிரிவு மாத்துறது கெடக்கட்டும். உன் இடத்துல உக்காந்தாக்கூட சமாளிப்பான்ங்கிறியா?" என்று கேட்டார் இசோயா.

"என்னைவிட நல்லாவே நடத்துவான் தலைவரே." பேச்சு வேகத்தில் வந்துவிட்டது. பேச்சு வேகத்தில் வருகிற எதையும் திரும்ப உள்ளே தள்ள வழியில்லை.

இசோயா, கீழே வேலை பார்க்கிறவனை இப்படி மனசாரப் புகழ்கிற மனிதனைத் தான் கண்டதில்லை என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த ஹொரிக்கோஷி அம்மாள்கூட நிமிர்ந்து பார்த்தாள். அவள் திங்கட்கிழமை காலையானால் தலைவரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ உரக்க வாசித்துக் காட்டுவாள். விற்பனை நிலவரமாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மினேகிஷி விற்பனைக்குப் போகவில்லை. எதிர் மேஜையிலேயே இருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை தேநீர் வேளையில் அவன் பெட்டிகளை அடுக்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இணையத்துல வடக்கு வாசல் பருந்துன்னு ஒருத்தர் எழுதுறார் சார். என்னை விளக்குக் கம்பம்னு எழுதிட்டார். எங்கம்மா அதைப் படிச்சிட்டாங்க."

குவாஜிமா மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்து அதன் மூடியை இறுக்கினார்.

"அம்மா அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல. வேளாவேளைக்குச் சாப்பிடுறியான்னு மட்டும் கேட்டாங்க." அவன் சிரிக்கப் பார்த்தான். "ஆனா சார், அவர் ஆட்டம் தெரிஞ்ச மனுஷன். நமக்குள்ள இடைவெளி அதிகம், நடுவுல மீன் லாரியே போகலாம், நெருங்கி நில்லுங்கடான்னு எழுதினார். அது சத்தியம். என்னை இரவல் அனுப்பணும்கிறதும் சரியாத்தான் இருக்கும். இரவல் போறது அசிங்கமா சார்?"

"எனக்கென்ன தெரியும் தம்பி" என்றார் குவாஜிமா. "நான் மீன் பிடிக்கிறவன்."

சொன்ன கணமே தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. முரசுக்குப் பின்னாலும் துண்டுக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டு கல்லெறிகிற ஒரு மனிதன், எறிபட்டவன் முகத்துக்கு நேரே வந்து கேட்கும்போதும் தூண்டில் பைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். நாய்க்குப் பிரயோசனப்படும் கம்பமாவது ஒரு இடத்தில் நேராக நிற்கிறது.

வீட்டுக்கு வந்து சுமியேயிடம் சொன்னார். அவள் மீனைக் கழுவிக்கொண்டே, "திட்டுனது எங்கேயோ, மன்னிப்பும் அங்கேயே கேக்கணும்" என்றாள்.

பருந்து மன்னிப்புக் கேட்டால் உசாமி கூட்டம் சந்தேகப்படும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலை குவாஜிமா உட்கார்ந்து, பையனின் மனசு ஆறும்படி, ஆனால் பருந்தின் கெத்தும் குறையாதபடி, ஒரு பெரிய கட்டுரை எழுதினார். அவர் எழுதியதிலேயே மிகவும் நல்ல கட்டுரை அதுதான்.

"பத்தொன்பதை இரவல் அனுப்புவது தண்டனை அல்ல, மருந்து. பத்தொன்பது நல்ல மனிதன். ஒரே இடத்தில் வேர்விட்டுப் போய்விட்டான், அவ்வளவுதான். பாசம் பார்த்துப் பத்தொன்பதை வைத்துக்கொள்வது அவனுக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை. அந்த இடத்தில் ஓடக்கூடிய ஓர் இளைஞனை உட்காரவையுங்கள். எங்கே அனுப்புவது என்று தயங்கவேண்டாம். எதிரி ஊராக இருந்தாலும் சரி. பத்தொன்பதுக்கு அங்கேதான் ரோஷம் வரும்" என்று முடித்திருந்தார்.

சுமியே படித்துவிட்டு, இப்போதுதான் மனுஷன் எழுதின மாதிரி இருக்கிறது என்றாள்.

மறுநாள் மினேகிஷி துள்ளிக்கொண்டு வந்தான். பருந்து தன்னை நல்ல மனிதன் என்று எழுதியிருப்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினானாம். இனி எந்த ஊருக்குப் போகச் சொன்னாலும் தலை நிமிர்ந்து போவேன் என்றான். ஆனால் அந்த வாரத்தோடு அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளும் காலம் முடிந்தது. அவனை இரவல் கேட்டு எந்த அணியும் வரவில்லை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிட்டார்கள் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு கிதாதோ அணியோடு ஆட்டம். கிதாதோ பக்கத்து ஊர். நீலச் சட்டைக்காரர்கள். ஹமாசேயில் அன்றைக்கு யாரும் நீலக் குடைகூடப் பிடிக்கமாட்டார்கள். தோற்றால் இனி மேலே வர வழியில்லை. மினேகிஷி கொடுத்த டிக்கெட்டோடு குவாஜிமா மறுபடியும் கோட்டும் டையுமாக இசோயாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். வலதுபக்கத்திலிருந்து பந்து குறுக்கே வந்தது. கருமாதி வீட்டுக்கு ஓடிய அதே ஓட்டம் ஓடி, இரண்டு நீலச் சட்டைகளை இடமும் வலமும் ஏமாற்றி, எந்த நொடியில் வந்து சேரவேண்டுமோ அந்த நொடியில் வந்து சேர்ந்தான் பத்தொன்பது. வலை குலுங்கியது.

குவாஜிமாவுக்கு அதற்கப்புறம் நடந்தது சரியாக நினைவில்லை. நினைவு வந்தபோது முன்வரிசை நாற்காலியின் முதுகில் வடக்கு வாசல் முரசின் முழுத் தாளத்தையும் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். சுளுக்கியதாகச் சொல்லியிருந்த மணிக்கட்டின் துணி பறந்துபோயிருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

இசோயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் பாத்துக் கத்துக்கிட்டேன் தலைவரே" என்றார் குவாஜிமா.

"ஆட்டம் தெரியாமலே இவ்வளவு சந்தோஷப்படுற மனுஷன் நீ. யாருக்காக வேணும்னாலும் கைதட்டுவே" என்றார் இசோயா, மிகவும் திருப்தியாக.

அன்று மாலை குளியலறையில் வலது கையால், தைரியமாக, புதுத் துணியில் புதுப் பேனர் எழுதினார்: 'பத்தொன்பதே, எங்கேயும் போகாதே.' துணியின் மறுமுனையைச் சுமியே பிடித்துக்கொண்டாள். உண்மையை மினேகிஷியிடம் நாளைக்குச் சொல்லிவிடுவதென்றும், அடுத்த வாரம் துண்டு இல்லாமல் முரசடிப்பதென்றும் அவர் தீர்மானித்தார். வருஷக்கணக்கில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் தலைவர் அறைக்கு வரச்சொன்னார்கள்.

இசோயா எழுந்து நின்றே பேசினார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து குவாஜிமாவைக் கிதாதோ கிளைக்குத் தலைவராக அனுப்புவதாகச் சொன்னார். வேலையை விட்டு அனுப்பவில்லை, இரண்டு வருஷத்துக்கு அங்கே கொடுத்து வைக்கிறோம், அவ்வளவுதான். அந்த ஊரில் வியாபாரம் பண்ணவேண்டுமானால் அந்த ஊர் அணிக்கு ஆதரவு தரவேண்டும். ஆகவே கிளைத் தலைவர் ஞாயிறுதோறும் நீலச் சட்டை போட்டு முன்வரிசையில் நின்று கொடி ஆட்டவேண்டும்.

"கம்பெனில ஒவ்வொருத்தனா கேட்டுப் பாத்துட்டேன். நீலச் சட்டை போடுறதுக்கு ராஜினாமா பண்றேங்கிறான். பந்து உருண்டைங்கிறதுக்கு மேல ஒண்ணும் தெரியாதவன் நீ ஒருத்தன்தான்."

குவாஜிமா வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் ஊரில் இருக்கலாம். சொல்வதானால் விளக்குக் கம்பத்திலிருந்து தொடங்கவேண்டும். அப்போது கதவைத் தட்டிவிட்டு மினேகிஷி உள்ளே வந்து, நெற்றி தரையில் படும்படி குனிந்தான். பிரிவை இனி அவன் பார்த்துக்கொள்வானாம். மத்தியானம் மட்டும்தானே வருகிறான், காலையில் யார் பார்ப்பார்கள் என்று குவாஜிமா ஈனசுரத்தில் கேட்டார்.

"காலையில நீ இருந்தும் பெருசா ஒண்ணும் நடந்துடலையே" என்றார் இசோயா.

"நீங்க என்னைப் பத்திச் சொன்னதையெல்லாம் தலைவர் சொன்னார் சார்" என்றான் மினேகிஷி. அவன் கண் கலங்கியிருந்தது. "கிதாதோவோட ஆடும்போது எதிர்ப்பக்கம் நீலச் சட்டையில நீங்க நிப்பீங்க. நான் கோல் அடிச்சா நீங்க கைதட்ட முடியாது. பரவாயில்ல சார். இரவல் போறது அசிங்கமில்லன்னு பருந்தே எழுதியிருக்கார்."

குவாஜிமா வாயை மூடிக்கொண்டார். நன்றாகக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

நடையில் ஹொரிக்கோஷி அம்மாள் அவரைத் தாண்டிப் போனாள். அவர் அவளை நிறுத்தினார். இத்தனை வருஷமாகத் தலைவரை அவருக்குத் தெரியும். இது தலைவர் மண்டையில் தானாக உதித்த யோசனை இல்லை. எந்தப் பாவி சொல்லிக்கொடுத்தான் என்று கேட்டார்.

அம்மாள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெளியில சொல்லிடாதீங்க. வடக்கு வாசல் பருந்துன்னு ஒருத்தர் எழுதுறாரே, திங்கக்கிழமை காலையில அதைத்தான் நான் தலைவருக்கு வாசிச்சுக் காட்டுறேன். அவரைக் கேக்காம தலைவர் ஒரு மேஜையைக்கூட நகத்துறதில்ல. போன வாரம் எழுதினதைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார், 'பத்தொன்பது'ன்னு வர்ற இடத்துல எல்லாம் உங்க பேரைப் போட்டு. வேற ஒரு எழுத்துகூட மாத்த வேண்டி வரல."